கால் சுத்து

பாளையம்பட்டி
5.8.2024, திங்கள்

சபீருக்கு,

சலாம் சொல்லாம ஆரம்பிக்கக் கூடாது, அதனால சொல்றேன். அஸ்ஸலாமு அலைக்கும். மத்தபடி உன் மேல இருக்க கோவம் அப்படியேதான் இருக்கு. உன்கிட்ட இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். எழுத மாட்டேன்னு பண்ணல. போனுல உன் நம்பரை அடைச்சு வச்சது வச்சதுதான், தொறக்க மாட்டேன்.

மே மாசம் கண்மாய்க் கரையில, பிரேக்கு பிடிக்காத ஜீப்புல அஸ்மாவை ஏத்திக்கிட்டுப் போயி கருவக்காட்டுக்குள்ள விட்டியே, அதை நான் மறக்கல. தாடையில நாலு தையலோட என் பிள்ள வந்து நின்னா. என் மகளைக் கொல்லப் பாத்த பாவின்னு தெருவுல வச்சுச் சொன்னேன், என் வாசப்படி மிதிக்காதேன்னேன். மறுநாளே நீ வால்பாறைக்குப் பஸ் ஏறிட்ட. எஸ்டேட்டு ஜீப்புகளோட நிம்மதியா இருப்ப. இந்த ஜீப்போட நாந்தான் கெடந்து சாகுறேன்.

உன் மச்சானைத் தெரியும்ல. சவுதியில, தம்மாம் கடையில பதினாலு வருஷம் நின்னவுக, மிலிட்டரி ஏலத்துல அந்த எலும்புக்கூட்டை எடுத்துட்டு வந்து, உன்னை வச்சு ரெண்டு வருஷம் உசிர் குடுக்க வச்சாக. பிரேக்கை இப்ப அருப்புக்கோட்டையில வேற ஆளை விட்டு மாத்தியாச்சு. தினமும் தொடைச்சுத் தொடைச்சுப் பாக்குறாக. பெத்த மகளுக்கு அவுக இப்படித் தலை தொவட்டி விட்டதில்ல.

இப்ப விஷயம். வீலு நட்டு லூஸாகுது. நிக்கிற வண்டியில. போன வாரம் நான் கை வச்சுப் பாத்தப்ப ஆடுச்சு. உன் மச்சான்கிட்டச் சொன்னா, 'நட்டுக்கு ஒண்ணும் இல்ல, உனக்குத்தான் மரை கழண்டு போச்சு'ன்னு சிரிக்கிறாக. அப்புறம் அவுகளே கை வச்சுப் பாத்துட்டுச் சிரிப்பை நிறுத்திட்டாக. பஞ்சர் கடை மொக்கையன் அண்ணன் வந்து எல்லா நட்டையும் கல்லு மாதிரி முறுக்கிட்டுப் போனாரு. அஞ்சே நாளு. திரும்ப ஆடுது.

வண்டியப் பத்தித் தெரிஞ்சவன் உன்னைத் தவிர எனக்கு ஆளில்ல. இது எதனால ஆகுது? அதை மட்டும் எழுது. வேற எதுவும் எழுத வேணாம்.

நர்கிஸ்

•

வால்பாறை
10.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். வேற எதுவும் எழுத வேணாம்னுட்ட. இருந்தாலும் எழுதுறேன், நீ கிழிச்சா போடப் போற.

இங்க பதினெட்டு நாளா மழை விடல. சட்டை காயல. அட்டை கடிச்சு ரெண்டு கணுக்காலும் வீங்கியிருக்கு. நம்ம ஊருல ஒரு தூத்தலுக்கு வானத்தையே பாத்துக்கிட்டு நிப்போம், இங்க மூத்திரம் பேயக்கூடக் குடை வேணும். டவரு கெடையாது. எஸ்டேட்டுக்கு மேல ரோட்டு வளைவுல ஒரு பாறை இருக்கு, அதுமேல ஏறி நின்னா ரெண்டு கோடு வரும். உன் நம்பருக்குத்தான் வாரா வாரம் ஏறி நின்னேன். அடைச்சு வச்சிருக்கன்னு இப்பதான் தெரியுது. நான் டவரைத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன்.

அக்கா, அன்னைக்கு பிரேக்கு விஷயத்துல தப்பு என்னோடதுதான். ரப்பர் மாத்தணும்னு தெரியும், 'ஒரு ரவுண்டுதான'ன்னு எடுத்துட்டேன். அஸ்மா தாடையைப் பாத்தப்ப எனக்கே என்னை வெட்டிப் போடலாம்னு இருந்துச்சு. நீ சொன்னதுல ஒரு வார்த்தை கூடுதல் இல்ல.

நட்டு விஷயம். ஓடுற வண்டியில நட்டு லூஸாகும், அது சகஜம். நிக்கிற வண்டியில தானாக் கழலாது. கை பட்டாத்தான் கழலும். அம்புட்டுத்தான் எனக்குத் தெரிஞ்சது. யாராவது விளையாடுறாங்களான்னு பாரு. தினமும் ஒரு தடவை கை வச்சுப் பாத்துக்க.

மச்சானுக்கு என் சலாம். அஸ்மாவுக்கு ஒண்ணும் சொல்ல வேணாம், கேட்டா மட்டும் சொல்லு.

சபீர்

•

பாளையம்பட்டி
16.8.2024

சபீருக்கு,

கை பட்டாத்தான் கழலும்னு எழுதியிருந்த. அந்த வரியை நாலு தடவை படிச்சேன். உன் மச்சானும் வாங்கிப் படிச்சாக. படிச்சிட்டு எதுத்த வீட்டைப் பாத்தாக.

எதுத்த வீடுன்னா பழைய இரும்புக்கடை சுப்புராஜ். உனக்குத் தெரியும், ஏலத்துல இந்த ஜீப்புக்கு நம்ம கூடப் போட்டி போட்டவன். உடைச்சு விக்கணும்னு வந்தவன். விட்டுப் போன ஆத்திரம் இல்லாமயா இருக்கும்? வண்டி வந்த நாள்ல இருந்து வாசல்ல பீடியப் பத்த வச்சுக்கிட்டு ஜீப்பையே பாத்துக்கிட்டு நிப்பான். நான் இத்தனை நாளும் அதை ஒரு பொருட்டா நெனச்சதில்ல. இப்ப அவன் இருமுனாக்கூட எனக்குத் திக்குங்குது.

முந்தாநாள் நடந்ததைக் கேளு. பொழுது சாயுற மஃரிபு நேரம். உன் மச்சான் பள்ளிவாசலுக்குத் தொழப் போயிட்டாக. நான் வண்டிகிட்ட குனிஞ்சு நிக்கேன். பின்னால செருப்புச் சத்தம். திரும்புனா இவன். மொகத்தப் பாக்காம, தரையைப் பாத்துக்கிட்டு, 'அக்கா, விட்டுருங்கக்கா. இது வேணாம்'னான். அம்புட்டுத்தான். திரும்பிப் போயிட்டான். எதை விடச் சொல்றான்? நட்டைப் பாக்குறதை விடச் சொல்றானா? பாத்தா என்ன பண்ணிருவான்?

உன் மச்சான்கிட்டச் சொன்னேன். 'குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது, வேற என்ன'ன்னாக. ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன்னு குதிச்சாக. நாந்தான் கொஞ்சம் பொறுங்கன்னு வச்சிருக்கேன்.

இன்னொண்ணு. அஸ்மாவுக்கு வேலை கெடைச்சிருக்கு. திருச்சுழி தாலுகா ஆபீஸுல டைப்பிஸ்ட்டு. செப்டம்பர் ரெண்டாம் தேதி, திங்கக்கிழமை சேரணும். சந்தோஷமான சேதிதான, ஆனா அன்னைக்கு மகளை ஜீப்புலதான் கொண்டுபோயி எறக்குவேன்னு உன் மச்சான் ஒத்தக்கால்ல நிக்காக. பஸ்ஸு இருக்குங்க, பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு இருக்குங்கன்னா காதுல வாங்கல. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி'ன்னு என்னையே சொல்றாக. அவளும் அத்தா பக்கம் சேந்துக்கிட்டா. முன் சீட்டுல உக்காந்து போட்டோ எடுப்பாளாம்.

பதினேழு நாள்தான் இருக்கு. எனக்குச் சோறு எறங்கல.

நர்கிஸ்

•

வால்பாறை
21.8.2024

அக்காவுக்கு,

உன் கடுதாசி நேத்துதான் வந்துச்சு. அஸ்மாவுக்கு வேலைன்னு படிச்சதும் எஸ்டேட்டு கேன்டீன்ல எல்லாருக்கும் டீ சொல்லிட்டேன். மீதியப் படிச்சதும் என் டீ ஆறிப்போச்சு.

கை பட்டாத்தான் கழலும்னு நான் எழுதியிருக்கக் கூடாது. இம்புட்டுத் தூரம் தள்ளி உக்காந்துக்கிட்டு வாயில வந்ததை எழுதிட்டேன். சுப்புராஜ் அண்ணன் அப்படிப்பட்ட ஆளுன்னு எனக்குத் தோணல. நான் ஜீப்பு பாக்குறப்ப ரெண்டு மூணு சாமான் அவரு கடையில இருந்துதான் தேடி எடுத்துக் குடுத்தாரு. மச்சானை அவசரப்பட்டு ஸ்டேஷனுக்குப் போக வேணாம்னு சொல்லு.

எனக்கு ஏதோ ஒண்ணு நெருடுது. என்னன்னு பிடிபடல. ராத்திரி தூங்கப் போறப்ப வருது, எந்திரிச்சு உக்காந்தா போயிருது. இதுக்குப் பதில் எழுது. எந்த வீலு? நாலுமா, ஒரு பக்கம் மட்டுமா? மொக்கையன் அண்ணனைத் தவிர வேற யாரு ஸ்பேனர் வைக்கிறா? அதை மறைக்காம எழுது.

பதில் வர்ற வரைக்கும் வண்டிய எடுக்க வேணாம். எடுத்தே ஆகணும்னா மொக்கையன் அண்ணனைக் கூப்புட்டு, கெளம்புற அன்னைக்குக் காலையில முறுக்கச் சொல்லு.

சபீர்

•

பாளையம்பட்டி
27.8.2024

சபீருக்கு,

மறைக்காம எழுதுன்னுட்ட. எழுதுறேன். சிரிக்காத.

நாலும் இல்ல. இடதுபக்கம் ரெண்டு வீலும்தான். வலதுபக்கம் நம்ம செவரை ஒட்டி நிக்குது, அங்க ஒரு நட்டு அசையல. இடதுபக்கம் தெருவைப் பாத்து நிக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? செவத்துக்கும் வண்டிக்கும் நடுவுல அவனால நுழைய முடியல, அதான். அஸ்மா உக்காரப் போற பக்கமும் அதுதான்.

அப்புறம், ஸ்பேனர் வைக்கிறது நான். உன் மச்சானுக்குத் தெரியாது. வண்டியத் தொடாதேன்னு சொல்லியிருக்காக. அவுக மஃரிபுக்குப் போனதும் நான் ஸ்பேனரை எடுத்துட்டுப் போயி, அந்தப் பக்கத்துப் பத்து நட்டையும் ஒவ்வொரு கால் சுத்து வச்சு முறுக்கிட்டு வந்துருவேன். அதுக்கு மேல முறுக்குனா மரை போயிரும்னு நீதான முன்ன ஒருதடவை சொன்ன. மே மாசத்துக்கு அப்புறம் இந்த வண்டிய நம்ப முடியாம, ஜூலையில இருந்து பண்றேன். மொதநாள் ஸ்பேனர் மேல ஏறி நிக்க வேண்டியிருந்துச்சு, அப்புறம் லேசா வந்துச்சு. சில நாளு கெட்டியா இருக்கும், மனசு நிம்மதியாகும். மறுநாள் பாத்தா திரும்பவும் திரும்புது. நான் முறுக்க முறுக்க அவன் கழட்டுறான்டா. எப்ப வந்து கழட்டுறான்னுதான் தெரியல. ரெண்டு நாளு சன்னல்கிட்டயே உக்காந்து பாத்தேன். பூனைதான் போச்சு.

மொக்கையன் அண்ணன் சனிக்கிழமை ஒருதடவை வந்து முறுக்கிட்டு, 'எத்தனை தடவைத்தான் வாரதும்மா'ன்னு சலிச்சுக்கிட்டாரு. திங்கக்கிழமை அவரு மக வீட்டு விசேஷம், வர மாட்டாராம். பரவாயில்ல. நானே முறுக்கி அனுப்பிக்கிறேன். என் கையி மேல எனக்கு நம்பிக்கை இருக்கு.

நீ துவா செய்யி.

நர்கிஸ்

•

வால்பாறை
2.9.2024, திங்கள், காலை மணி 11

அக்கா,

மண்ணு சரிஞ்சு நாலு நாளா தபால் வண்டி வரல. உன் கடுதாசி பத்தரை மணிக்குத்தான் என் கைக்கு வந்துச்சு. நீங்க எட்டு மணிக்கே கெளம்பியிருப்பீங்க.

பாறை மேல ஏறி நிக்கேன். மச்சானுக்கு ஒன்பது தடவை அடிச்சிட்டேன், மணி போகுது, எடுக்கல. அஸ்மா நம்பர் ஸ்விட்ச் ஆப்பு. உன் நம்பருக்கும் அடிச்சேன், அடைச்சுத்தான் இருக்கு. அடிக்காம இருக்க முடியல. மறுபடி அடிக்கிற வரைக்கும் இதை எழுதுறேன். தாளு நனையுது.

மணி 12. எடுக்கல.

மணி 1.10. இன்னும் எடுக்கல. போனைக் காதுல வைக்கவே பயமா இருக்கு அக்கா. எடுத்தா என்ன சொல்லுவாகளோன்னு இருக்கு. எடுக்காட்டி அதைவிட மோசமா இருக்கு.

மணி 4. விசேஷ வீட்டுல இருந்த மொக்கையன் அண்ணனைப் போனுல பிடிச்சேன். சொல்லிட்டாரு. திருச்சுழி ரோட்டுல முன் இடது வீலு தனியா ஓடிருச்சுன்னும், வண்டி கவுந்து கெடக்குன்னும், மச்சானுக்குத் தலையில கட்டுன்னும் சொன்னாரு. அஸ்மாவுக்குக் காலு. உசிருக்கு ஒண்ணும் இல்லன்னாரு. அதை மூணு தடவை கேட்டு வாங்கிக்கிட்டேன். பாறையிலேயே உக்காந்துட்டேன். அல்லாவுக்கு ஆயிரம் சுக்ருன்னு சொல்லச் சொல்ல அழுகைதான் வந்துச்சு.

அப்புறம்தான் அவரு மீதியச் சொன்னாரு. சுப்புராஜ் அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். தினமும் வண்டிகிட்ட பாத்தேன்னு நீ கையெழுத்துப் போட்டியாம்.

அக்கா, கழட்டுனது அவரு இல்ல.

இதை மச்சான்கிட்டயோ மொக்கையன் அண்ணன்கிட்டயோ என்னால சொல்லி அனுப்ப முடியாது. நீ மட்டும் தனியா உக்காந்து படி.

அந்தக் காலத்து மிலிட்டரி ஜீப்புல இடதுபக்கத்து ரெண்டு வீலுக்கும் எதிர் மரை. மத்த எல்லா நட்டும் கடிகாரம் சுத்துற பக்கம் திருப்புனா இறுகும். அந்தப் பத்து நட்டு மட்டும் அப்படித் திருப்புனா கழலும். ஜூலையில இருந்து நீ முறுக்கல. தினமும் கால் சுத்து கழட்டியிருக்க. மொக்கையன் அண்ணன் பழகுன கை, எந்தப் பக்கம் இறுகுதோ அந்தப் பக்கம் திருப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிருவாரு. நீ மறுநாள்ல இருந்து திரும்ப ஆரம்பிச்சிருக்க.

உன் மேல தப்பு இல்ல. அந்தப் போல்ட்டு முனையில 'எல்'னு ஒரு இங்கிலீஷ் எழுத்து அடிச்சிருக்கும், எதிர் மரைன்னு அடையாளம். அழகா இருக்கட்டும்னு அதுமேல பச்சைப் பெயிண்டை அடிச்சது நான். பெயிண்டு மரைக்குள்ள போயி கெட்டியா இருந்திருக்கும், இறுகுதுன்னு நெனச்சிருப்ப. கெளம்புறப்ப உங்க யாருகிட்டயும் இதைச் சொல்லாம ரோஷத்துல பஸ் ஏறுனதும் நான்தான். தினமும் கை வச்சுப் பாருன்னு எழுதுனதும் நான்தான்.

உள்ள இருக்க ஆளை வெளிய கொண்டு வரணும் அக்கா. அதை நீதான் செய்ய முடியும். எனக்கு உடனே ஓடி வரணும்னு இருக்கு. வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லியிருக்க. நீ வான்னு சொன்னா வாரேன்.

சபீர்

•

பாளையம்பட்டி
6.9.2024, வெள்ளி

தம்பி சபீருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடுதாசி நேத்து மத்தியானம் வந்துச்சு. உன் நம்பரைத் தொறந்துட்டேன். ஆனா இதைப் பேச வாய் வரல, அதான் எழுதுறேன்.

படிச்சதும் நம்பல. உனக்குக் கிறுக்குன்னு நெனச்சேன். அப்புறம் அன்னைக்குக் காலையில நான் பண்ணது ஞாபகம் வந்துச்சு. திங்கக்கிழமை சுபுஹு தொழுதுட்டு ஸ்பேனரோட போனேன். மகளை அனுப்புற நாளாச்சேன்னு கால் சுத்து போதாதுன்னு ஒவ்வொரு நட்டுக்கும் முழுசா ஒரு சுத்து வச்சேன். பிஸ்மி சொல்லிச் சொல்லி வச்சேன்டா.

நானும் பின் சீட்டுல இருந்தேன், எனக்குச் சிராய்ப்போட போச்சு. ஊரைத் தாண்டி ரெண்டு பக்கமும் பொட்டக்காடு. திரும்பிப் பாத்தா சுப்புராஜ் மொபெட்டுல வாராரு, கையை ஆட்டிக் கத்திக்கிட்டே வாராரு. உன் மச்சான் 'துரத்துறான் பாத்தியா'ன்னு இன்னும் அழுத்துனாக. நான் 'சீக்கிரம் போங்க, சீக்கிரம் போங்க'ன்னு தோளைப் பிடிச்சுக் குலுக்குனேன். அப்பத்தான் அந்தப் பக்கம் சாஞ்சுச்சு. வண்டிக்கு அடியில இருந்து அஸ்மாவை இழுத்தது அவரு. லோடு ஆட்டோவை மறிச்சு ஏத்துனதும் அவரு. அவரு சட்டையெல்லாம் என் பிள்ள ரத்தம். அந்தச் சட்டையோடவே கூட்டிட்டுப் போனாங்க, நான் கையெழுத்துப் போட்டேன்.

நேத்து சாயங்காலமே உன் மச்சானைக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எதுக்குன்னு சொல்லல. ஜீப்பை அங்க வளாகத்துலதான் இழுத்துப் போட்டிருக்காங்க. பின் இடது வீலு அப்படியே இருக்கு. ஸ்பேனரைக் கொண்டு போயிருந்தேன். ஏட்டையாவைக் கூப்புட்டேன். சுப்புராஜைக் காலையில வரச் சொல்லி சாயங்காலம் வரைக்கும் பெஞ்சுல உக்கார வச்சிருக்காங்க, நாலு நாளா. அவரும் எந்திரிச்சு வந்தாரு. எல்லாரும் பாக்க, நான் தினமும் திருப்புற பக்கமே திருப்புனேன். அஞ்சு நட்டும் ஒண்ணொண்ணா கையில வந்துச்சு. 'கழட்டுனது நான்தான்யா, இறுக்குறதா நெனச்சுக் கழட்டிட்டேன்'னேன். உன் மச்சான் தரையில உக்காந்துட்டாக. அப்புறம் எந்திரிச்சு, என் கையில இருந்த ஸ்பேனரை வாங்கி வச்சுக்கிட்டாக.

சுப்புராஜ் அண்ணனைப் பாத்துக் கும்புடப் போனேன். பதறி நகந்துட்டாரு. அவரு சொன்னதை அப்படியே எழுதுறேன். 'நூறு ஜீப்பு பிரிச்சவன்க்கா நானு, இடப்பக்கம் எதிர் மரைன்னு தெரியாதா? தினமும் நீங்க கழட்டுறதைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மே மாசம் பாப்பாவுக்கு அடிபட்டதுல இருந்து உங்களுக்கு வண்டி மேல பயம், அண்ணன் எடுக்கக் கூடாதுன்னு பண்றீங்கன்னு நெனச்சேன். வேணாம்னும் ஒருநாள் வந்து சொன்னேன். பாப்பாவை ஏத்திக்கிட்டுக் கெளம்பவும்தான் எனக்குப் பக்குன்னு இருந்துச்சு.'

நாலு நாளா இதை ஏன் சொல்லலன்னு ஏட்டையா கேட்டாரு. 'பொம்பள பேரை எப்படிய்யா சொல்றது, பெத்த மகளைக் கொல்லப் பாத்தான்னுல்ல எழுதுவீங்க'ன்னாரு.

அவரை அப்பவே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அதுக்கு மேல என்னால அங்க நிக்க முடியல. உன்னைத் தெருவுல வச்சு என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியும். எனக்கு அதைச் சொல்ல ஒருத்தருமில்ல, எல்லாரும் என்னைக் காப்பாத்தத்தான் பாக்குறீங்க.

அஸ்மாவுக்கு இடது முட்டிக்குக் கீழ ரெண்டு முறிவு. மதுரை பெரியாஸ்பத்திரியில தகடு வச்சிருக்காங்க. நடந்துருவான்னுதான் டாக்டரு சொல்றாரு, ஓட முடியுமான்னு இப்பச் சொல்ல முடியாதாம். ஆபீஸுல ரெண்டு மாசம் பொறுக்குறோம்னு சொல்லியிருக்காங்க. அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. கண்ணு முழிக்கிறப்பெல்லாம் 'அந்தாளை விட்டுராதம்மா'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்றா. இந்தக் கையைத்தான் பிடிச்சுக்கிட்டுச் சொல்றா.

வர்ற புதன்கிழமை கட்டுப் பிரிக்கிறாங்க. அன்னைக்குச் சொல்லிரணும். அதுக்குள்ள இது உன் கைக்கு வந்துரும். நீ வா. பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன், நீ வந்தாத்தான் உள்ள போவேன். எனக்கு ஜீப்பைப் பாத்துக்கூட இம்புட்டுப் பயம் இருந்ததில்லடா. அவளைக் காப்பாத்தத்தான் முறுக்குனேன்னு சொன்னா நம்புவாளா?

உன் அக்கா
நர்கிஸ்